மூன்றாம் மாடி, இடப்பக்கம்

நவம்பரில் போட்டோம்.
விரித்த பள்ளிக் கொப்பியின் அகலம், பால்வெள்ளை.
விண்டர்தூரில், ரயில்பாதை ஓரம், முப்பத்தொரு வீடு;
சன்னல் திறக்காமலே மூச்சு விடும் புதுக் கட்டடம்.
குளியலறைக் கூரையில் ஒரு வாய்,
வீட்டுக் காற்று அதனூடே வெளியேறும்.
அந்த வாயில் ஒரு வடிகட்டி.

பெப்ரவரிக் கடைசியில் ஏணியோடு போனேன்.
ஒருவர் வீட்டில் நீல நார், துவாய்களின் நீலம்.
ஒருவர் வீட்டில் நாய்மயிர்,
படிவத்தில் நாய் இல்லை.

கணக்கு எளிது என்பான் ரெட்டோ:
தூசியின் எடையை, ஓடிய காற்றின் கனமீட்டரால் வகு.
வடிகட்டி தவறவிட்டதற்கும் ஓர் எண் உண்டு, அதையும் சேர்.
எண் இல்லாதது
கூரைவாய்க்கு வரும் முன்பே
நெஞ்சுக்குள் போய்விட்டது.
என் தராசில் கிடப்பதெல்லாம்
யாரும் மூச்சில் எடுக்காமல் விட்ட மிச்சம்.

மூன்றாம் மாடி இடப்பக்கம் சாந்தரூபி.
நாளுக்கு எத்தனை நிமிடம் பொரிப்பீர்கள் என்ற கேள்விக்கு
நாற்பது என்று எழுதி, வெட்டி,
பதினைந்து என்று எழுதி, வெட்டி,
பத்து.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு துண்டு:
ஞாயிறு, ஓல்டன், ரோல்ஸ் 200.

'தங்கச்சி, இதில மணமும் எழுதுவினமோ?'
மணத்துக்கு எடை இல்லை அக்கா என்றேன்.
பொய். கொஞ்சம் உண்டு.
'அப்ப ஒண்டு சாப்பிட்டுட்டுப் போம், சூடாக் கிடக்கு.'
கையுறையைக் கழற்றினேன்.

கீழே சலவை அறைக் கதவில் தட்டச்சில்லாத ஒரு தாள்:
'வறுவல் வாடை மேலே ஏறுகிறது. கவனிக்கவும்.'
பெயர் போடவில்லை.
ஆனால் அந்த ஏழின் நடுவே கீறிய சிறு கோட்டை
நாலாம் மாடிப் படிவத்தில் பார்த்திருக்கிறேன்.
அதே படிவத்தில்,
மெழுகுவர்த்தி: அரிதாக.

நிறுக்கும் முன் ஒரு நாள் முழுக்க
எல்லாவற்றையும் ஒரே ஈரப்பதத்தில் கிடத்துவோம்,
இல்லையென்றால் குளித்தவர்களின் ஆவியையும்
தூசியென்று எழுதிவிடுவோம்.

சாந்தரூபியின் வடிகட்டி மஞ்சள்.
எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை,
உறிஞ்சுகுழல் தோற்றது,
கத்தரியால் வெட்டி எடுத்தேன்.
நாலாம் மாடியின் வடிகட்டி கறுப்பு.
மழிக்காத தாடைபோல ஒரே சீராய்,
கிறிஸ்மஸுக்கு முந்திய நாலு ஞாயிறும்
அதற்குப் பிந்திய ஒவ்வொரு தனி இரவும்
திரி எரிந்த கறுப்பு.
இரண்டில் எது கனம் என்று எனக்குத் தெரியும்.
பெயர்களை எண்களாக்கிப்
பட்டியலைப் பூட்டிவிட்டதால்
யாருக்கும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
சலவை அறைத் தாளை
வேறு யாராவது கிழித்தால் நல்லது.

கடைசியாக வெற்று வடிகட்டி.
எந்த வீட்டுக்கும் உரியதல்ல அது.
பையில் என்னோடு வந்து
ஒவ்வொரு கூரைவாயின் கீழும்
ஒரு நிமிடம் திறந்து, மூடி.
அதிலும் ஏறியிருந்தது மூன்று மில்லிகிராம்.
'உன் தூசி,' என்றான் ரெட்டோ,
'வழக்கம்போல எல்லாரிடமிருந்தும் கழித்துவிடு.'

என் கோட்டு, என் முடி, படிக்கட்டுகள்,
பொரித்த கையைத் துடைத்தும் போகாத
கொஞ்சம் எண்ணெய்.
முப்பத்தொரு வரிசையிலும் கழிக்கிறேன்.
நாலாம் மாடிக்கு வரும்போது
விரல் சற்று நிற்கிறது.
பிறகு அவர் கணக்கிலிருந்தும்
அந்த ரோல்ஸைக் கழித்துவிடுகிறேன்.